கட்டமும் வட்டமும் கையாலாகாமையா?

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளிவாசல் ஒன்றில், ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், மேனிலைப் பள்ளி மாணவன் ஒருவன் நம்மை அணுகி ஒரு வினாவைத் தொடுத்தான். "ஹஜ்ரத்! நம்மவர்களுக்கு மனித முகம் வரையத் தெரியாதாம். அதனால்தான் கட்டமும் வட்டமும் நட்சத்திரமும் போட்டு நிரப்பினார்களாம். வகுப்பில் சொல்கிறார்கள். உண்மைதானா?" நாம் வாய் திறக்குமுன் அருகிலிருந்த பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டார். "தெரியாததால் அல்ல தம்பி, கூடாததால். உருவம் ஹராம். வேறு வழியில்லாமல் கோடு போட்டார்கள்" என்றார். பையன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

அன்றிரவு முழுவதும் அவ்விரு கூற்றுகளும் நம் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தன. ஒன்று, நம்மை அறியாதார் கூற்று. மற்றொன்று, நம்மவரின் கூற்று. மேலோட்டமாக நோக்கின் இரண்டும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றும். ஊன்றி நோக்கின் இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். "இயலாமையால் கோடு போட்டான்" என்கிறது ஒன்று. "தடையால் கோடு போட்டான்" என்கிறது மற்றொன்று. கோடு என்பது இல்லாமையின் அடையாளம், பசித்தவன் தின்ற பதர் என்பதில் இருவருக்கும் முழு உடன்பாடு!

இவ்வுடன்பாட்டையே நாம் மறுக்க வந்தோம். வடிவக் கணிதம் முஸ்லிம்களுக்கு உருவச் சித்திரத்தின் மாற்றாக வாய்த்த ஊன்றுகோல் அன்று. அது தன் காலில் நின்ற கல்வி. அதுமட்டுமன்று. கி.பி. 16, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில், மனித முகத்தைத் தீட்டும் கலைக்குள்ளேயே அக்கல்வி புகுந்து ஆட்சி செலுத்தியது. முகத்தை முன்னிறுத்திய ஓவியத்திலும் அது உண்டு. முகத்தை மறைத்து அதன் பெருமையை உரைத்த ஏட்டிலும் அது உண்டு. இதனை அறியாமல் நாம் பேசுவது நம் முன்னோர்க்கு நாமே இழைக்கும் அநீதி என்பது நம் வழக்கு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். உருவம் வரைவது ஆகுமா ஆகாதா எனத் தீர்ப்பளிக்க இக்கட்டுரை எழுந்ததன்று. உயிருள்ளவற்றின் உருவத்தைச் சமைப்போர் மறுமையில் அவற்றுக்கு உயிரூட்டுமாறு பணிக்கப்படுவர் எனும் எச்சரிக்கை ஸஹீஹான நபிமொழிகளில் வந்துள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொங்கவிட்ட உருவத் திரைச்சீலை அகற்றப்பட்டுத் தலையணைகளாக மாறிய செய்தியும் வந்துள்ளது. கைத்தொழிலே பிழைப்பெனச் சொல்லி வந்த ஓர் ஓவியருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டிய செய்தியும் புகாரி இமாமின் தொகுப்பில் உண்டு. இவற்றின் எல்லை எதுவென்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமைகள் உள்ளன. அவரவர் தத்தம் ஆலிம்களைக் கேட்டு நடக்கட்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். "தூரிகையைக் கீழே வை" என்று ஒருவனுக்குக் கட்டளையிட்டால், அக்கட்டளை மட்டுமே அவனுக்குப் பத்துக்கோண நட்சத்திரத்தை வரையக் கற்றுக்கொடுத்துவிடுமா? வாயைக் கட்டினால் கை வீணை வாசித்துவிடுமா? தடை என்பது ஒரு வாயிலை அடைக்கும். மற்றொரு மாளிகையைக் கட்டித் தராது. மாளிகை கட்டியது வேறொன்று. அது யாது?

கி.பி. 940-இல் பிறந்து 998-இல் மறைந்த அபுல் வஃபா அல்பூஸ்ஜானீ என்னும் கணித மேதை பகுதாதில் வாழ்ந்தார். கைவினைஞர்க்குத் தேவையான வடிவக் கணிதம் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். ஒரே அளவுள்ள மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி என்ற சிக்கலைப் பற்றிக் கைவினைஞரும் கணிதரும் கூடியிருந்து உரையாடிய அவை ஒன்றில் தாம் கலந்துகொண்டதை அந்நூலில் அவர் குறிப்பிடுகின்றார். கைவினைஞர் கண்ணுக்குச் சரியாகப் படுவதைச் சரியென்று கொள்கின்றனர். கணிதரோ நிறுவத் தெரிந்தும் கையால் செய்துகாட்ட இயலாமல் நிற்கின்றனர் என்று இருசாராரையும் அவர் கடிந்துகொள்கின்றார். பிறகு தாமே வெட்டியும் காட்டுகின்றார், நிறுவியும் காட்டுகின்றார்.

அவையோர் முன் சதுரத்தை வெட்டி ஒட்டிய அந்த மனிதரிடம் சென்று, "ஐயா, உருவம் வரைய முடியாத ஏக்கத்தாலா இதைச் செய்கிறீர்?" என்று எவரேனும் கேட்டிருப்பின் அவர் நகைத்திருப்பார். அவரை இழுத்தது தடையன்று. உண்மையின் மீதுள்ள தாகம்.

அபுல் வஃபா பிறந்த அதே 940-ஆம் ஆண்டில்தான் வஸீர் இப்னு முக்லா மறைந்தார். அறபு எழுத்துகளுக்கு அளவு வகுத்தவர் அவர். எழுதுகோல் முனையைத் தாளில் அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியை அவர் அளவையாகக் கொண்டார். அலிஃப் இத்தனை புள்ளி உயரம். அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்தில் ஏனைய எழுத்துகளின் வளைவுகள் அடங்கும் என்று முறைசெய்தார். அதாவது, முஸ்லிம் உலகில் ஒரு சிறுவன் 'அலிஃப்' எழுதக் கற்கும்போதே ஒரு வட்டத்தினுள் நின்று கற்றான். இந்தக் கல்வி கைவரப்பெற்ற சமுதாயத்தின் கண்ணில் எல்லாப் பொருளும் அளவோடு தோன்றியதில் வியப்பென்ன?

இனி, "வரையத் தெரியாது" என்பாரின் பக்கம் திரும்புவோம்.

ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் மறைந்த 1528-ஆம் ஆண்டிலேயே, மனித உடலின் அளவு பற்றிய அவருடைய நான்கு பகுதி நூல் அச்சாகி வெளிவந்தது. கையையும் காலையும் தலையையும் கோடுகளாகவும் கட்டங்களாகவும் பகுத்துக் காட்டும் நூல் அது. ட்யூரருக்கு முகம் வரையத் தெரியாததால் கட்டம் போட்டார் என்று உலகில் எவரேனும் எழுதியதுண்டா? இல்லை. அவருடைய கட்டம் அறிவு எனப்பட்டது. நம்மவர் போட்ட கட்டமோ ஆற்றாமை எனப்பட்டது! ஒரே கவராயம், ஒரே அளவுகோல். பிடித்த கை மாறியதும் பெயர் மாறிவிடுகிறது. இது எந்த ஊர் நியாயம்?

நம் நாட்டுக்கே வருவோம். 1556 முதல் 1605 வரை ஆண்ட அக்பர் தம் உருவத்தைத் தீட்டச் செய்ததோடு, தம் அரசின் பெருமக்கள் அனைவரின் உருவங்களையும் தீட்டிப் பெரிய தொகுப்பாக்குமாறு பணித்தார் என அபுல் ஃபஸ்லின் ஆயினே அக்பரீ தெரிவிக்கின்றது. அவர் மகனார் ஜஹாங்கீர் ஈரானுக்குத் தூதுக்குழு அனுப்பியபோது, ஷா அப்பாஸின் முகத்தை உள்ளவாறே தீட்டி வருவதற்காக பிஷன்தாஸ் என்னும் ஓவியரை உடன் அனுப்பினார். முகச்சாயல் பிடிப்பதில் பிஷன்தாஸுக்கு நிகரில்லை என்பது அரசரின் துணிபு. பிஷன்தாஸ் இந்து, அவரோடு பணியாற்றிய அபுல் ஹஸன் முஸ்லிம். ஒரே பட்டறை, ஒரே ஒழுங்கு. ஆக, முஸ்லிம் அரசரின் அவையில் முகம் வரையத் தெரியாமல் எவரும் தவிக்கவில்லை.

"அரசர்கள் செய்தது மார்க்கமாகுமா?" எனச் சிலர் கேட்பர். ஆகாது. ஒருபோதும் ஆகாது. ஹலால் ஹராமுக்கு நாம் ஜஹாங்கீரைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. "தெரியுமா, தெரியாதா" என்ற வழக்குக்கு மட்டுமே அழைக்கின்றோம். அந்த வழக்கில் அவரினும் நல்ல சாட்சி இல்லை.

அந்த முகங்களை உற்று நோக்குங்கள். இங்கேதான் நம் வழக்கின் உயிர்நாடி இருக்கின்றது. அக்பர் காலத்துப் படங்கள் பலவற்றில் முகம் முக்கால் பங்கு தெரியத் திரும்பியிருக்கும். ஜஹாங்கீர், ஷாஜஹான் காலத்தில் அரசரின் முகம் முழுப் பக்கவாட்டாக மாறுகின்றது. நெற்றி, மூக்கு, உதடு, தாடை அனைத்தும் ஒரே கோட்டில் முடிந்துவிடுகின்றன. பின்புலம் பல படங்களில் ஒரே வண்ணப் பரப்பு, மரமில்லை, மலையில்லை. தலையைச் சுற்றி நிறைவான ஒரு வட்டம். ஐரோப்பியப் பாதிரிமார் கொணர்ந்த படங்களில் கண்ட ஒளிவட்டத்தை ஓவியர்கள் அரசருக்குச் சூட்டினர். படத்தைச் சுற்றி அளந்து இட்ட கரைகள். இத்தகைய தொகுப்பேடுகளில் தாளின் ஒரு பக்கம் முகமென்றால் மறுபக்கம் பெரும்பாலும் அழகெழுத்து. புரட்டினால் முகம், மீண்டும் புரட்டினால் எழுத்து. இரண்டையும் அளந்தது ஒரே கண். எழுதுகோலையும் தூரிகையையும் 'கலம்' என்ற ஒரே சொல்லால் வழங்கிய மக்களுக்கு இதில் முரண்பாடு தோன்றவில்லை.

இரண்டு படங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பிசித்ர் என்னும் ஓவியர் ஏறத்தாழ 1615-க்கும் 1618-க்கும் இடையில் தீட்டியது. இப்போது வாஷிங்டன் நகரின் ஃப்ரீயர் காட்சிக்கூடத்தில் உள்ளது. ஜஹாங்கீர் மணற்கடிகை ஒன்றின் மீது அமர்ந்திருக்கின்றார். தலைக்குப் பின்னே கதிரவனும் பிறையும் இணைந்த பெருவட்டம். உதுமானிய சுல்தானும் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸும் கீழே நிற்க, அரசர் அவர்களை விடுத்து ஒரு சூஃபிப் பெரியாருக்கு நூலை நீட்டுகின்றார். இங்கிலாந்து மன்னரின் முகம் ஐரோப்பிய முறையில் நம்மை நோக்கித் திரும்பியிருக்க, ஜஹாங்கீரின் முகமோ பக்கவாட்டில் ஒற்றைக் கோடாக நிற்கின்றது. அயல்நாட்டு முறையும் பிசித்ருக்குக் கைவந்ததுதான். தெரிந்தே அதனை ஒருவருக்குக் கொடுத்து, தெரிந்தே மற்றவருக்கு மறுத்திருக்கின்றார். மேலே வட்டம் பெருமை பேச, கீழே மணற்கடிகையின் இரு குடுவைகளும் ஆயுள் கரைவதைப் பேசுகின்றன. அரசரைப் புகழவும் எச்சரிக்கவும் அந்த ஓவியருக்கு வடிவங்களே மொழியாயின.

இரண்டாவது, 1618-இல் இனாயத் கான் என்னும் அரண்மனை அலுவலரைப் பற்றியது. அபினும் மதுவும் அவரைத் தின்றுவிட்டன. எலும்பின் மேல் தோல் போர்த்தாற்போல் ஆகிவிட்ட அவர் அரசரிடம் விடைபெற வந்தார். அந்நிலை கண்டு வியந்த ஜஹாங்கீர் அவரைத் தீட்டுமாறு ஓவியர்களைப் பணித்தார். மறுநாள் அவர் மரணமடைந்தார் என்று தம் நினைவேட்டில் அரசரே எழுதுகின்றார். இதன் கோட்டோவியம் பாஸ்டனிலும் வண்ண ஓவியம் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்திலும் உள்ளன. வண்ண ஓவியத்தில் அந்த மனிதரின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். ஆனால் அவரைச் சுற்றியிருப்பவை யாவை? திண்ணிய உருளைத் தலையணைகள். நேர்கோட்டில் முடியும் கட்டில். பின்னே ஏறத்தாழ வெறுமையான செவ்வகச் சுவர்ப் பரப்புகள். அழியும் உடலைச் சுற்றி அழியாத வடிவங்கள்! சாவின் வாயிலில் நிற்கும் மனிதனின் நடுக்கத்தை அந்தச் செவ்வகங்களின் அசைவின்மை நமக்கு உணர்த்துகின்றது. அவற்றை அகற்றிவிட்டு அங்கே ஒரு பூந்தோட்டத்தை வரைந்து பாருங்கள். படத்தின் பொருளே கெட்டுவிடும்.

ருஷ்ய ஓவியர் மாலெவிச் 1915-இல் வெறும் கறுப்புச் சதுரம் ஒன்றைக் காட்சிக்கு வைத்தபோது உலகம் வியந்தது. உருவம் துறந்த வடிவக் கலை அன்றுதான் பிறந்தது என்று எழுதுவோர் பலர். அவர் நம்மிடம் கடன் பெற்றார் என்று வழக்காட நாம் வரவில்லை. அப்படிச் சொல்வது பொய். வெறும் செவ்வகத்துக்கும் பேசும் ஆற்றல் உண்டு என்பதை அதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகட்கு முன்பே ஆக்ரா அவையின் ஓவியர்கள் அறிந்திருந்தனர் என்பது மட்டுமே நம் கூற்று.

இதுவரை முகத்தைக் காட்டிய சித்திரத்தைப் பார்த்தோம். முகத்தைக் காட்டாத சித்திரத்துக்கு இப்போது வருவோம். இஸ்தான்பூலில் 1642-இல் பிறந்து 1698-இல் மறைந்த ஹாபிஸ் உஸ்மான் என்னும் அழகெழுத்துப் பேராசான், 'ஹில்யா' எனப்படும் பலகையை வடிவமைத்தார். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமேனிப் பொலிவைப் பற்றி அலி (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி திர்மிதி இமாமின் ஷமாயிலில் உள்ளது. உயரம், கூந்தல், விழி, தோள், நடை, கண்டோர் உள்ளத்தில் எழுந்த அச்சம், பழகியோர் உள்ளத்தில் விளைந்த அன்பு ஆகியன அதில் சொல்லப்படுகின்றன. ஹாபிஸ் உஸ்மான் அந்தச் சொற்களை எடுத்து ஒரு வட்டத்துள் அமைத்தார். வட்டத்தைத் தழுவி ஒரு பிறை. நான்கு மூலைகளிலும் நான்கு சிறு வட்டங்கள். அவற்றுள் நான்கு கலீபாக்களின் திருப்பெயர்கள். மேலே பிஸ்மில்லாஹ். வட்டத்தின் கீழே, அண்ணலாரை அகிலங்களுக்கு அருட்கொடையாகக் கூறும் திருவசனம்.

அதனினும் வியப்பு ஒன்றுண்டு. அப்பலகையின் உறுப்புகளுக்குத் துருக்கிய எழுத்தாசான்கள் இட்ட பெயர்களைப் பாருங்கள். மேற்பகுதி தலை, நடு வட்டம் உந்தி, பக்கங்கள் அக்குள், அடிப்பகுதி அங்கியின் தாழ்மடி! உடல் உறுப்புகளின் பெயர்கள். உருவம் ஒன்றேனும் அங்கில்லை. எனினும் அளந்து வரைந்த வட்டமும் கட்டமும் ஒரு திருமேனியின் ஒழுங்கில் நிற்கின்றன. வீட்டுச் சுவரில் இதனைத் தொங்கவிடலாமா என்பதில் கருத்து வேறுபாடு கொள்வோர் கொள்ளட்டும். இதனை ஆற்றாமை என்று சொல்லத் துணிவோர் யார்? முகத்தை வரைந்தால் அந்த ஓவியரின் கற்பனை முகமே நமக்குக் கிட்டியிருக்கும். ஹில்யாவோ அண்ணலைக் கண்ணாரக் கண்டவரின் சாட்சியத்தை ஓர் எழுத்தும் பிசகாமல் தருகின்றது. இங்கே உண்மைக்கு நெருக்கமானது எது? வட்டமா, வண்ணமா?

நம் தமிழ்நாட்டிலும் இக்கண்ணோட்டம் புதிதன்று. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பிறப்பாண்டாக வழங்கப்படுவதும் அதே 1642 என்பது மகிழத்தக்க ஒற்றுமை. 5,027 பாடல்களில் அண்ணலின் வரலாற்றைத் தமிழுக்குத் தந்த அப்பெருமகனார் சொல்லால் ஆன சித்திரச்சாலையையே எழுப்பினார். எழுத்துகளைச் சக்கரத்திலும் தாமரையிலும் தேரிலும் அடைத்துப் பாடும் சித்திரகவியைத் தண்டியலங்காரம் இலக்கணம் வகுத்துப் பேசுகின்றது. சக்கரபந்தம் பாடிய தமிழ்ப் புலவரைப் பார்த்து, "உமக்குப் படம் போடத் தெரியாததால் எழுத்தை அடுக்கினீர்" என்று எவரும் ஏளனம் செய்ததில்லை. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களைக் காணுங்கள். வில்லும் வாளுமாக நிற்கும் அவ்வீரர்களைத் தனித்தனியே அடையாளம் காட்டுவது முகச்சாயலன்று. மேலே வெட்டப்பட்ட எழுத்தே. ஒரு மனிதனை அவன் முகத்தால் மட்டுந்தான் நினைவுகூர முடியும் என்பதை இம்மண் என்றுமே ஒப்புக்கொண்டதில்லை.

இம்மண்ணின் மற்றொரு சாட்சியும் உண்டு. இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பாராமகால் சீமை, 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியார் கைக்குப் போகும்வரை ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆட்சியில் இருந்தது. அந்தத் திப்பு 1784-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில், காஞ்சிபுரத்துக்கு அருகில் 1780-இல் நடந்த புள்ளலூர்ப் போர் தீட்டப்பட்டுள்ளது. இன்று நாம் காண்பது 19-ஆம் நூற்றாண்டில் டல்ஹவுசி பிரபுவின் ஆணையால் மீண்டும் தீட்டப்பட்டது. அமைப்போ பழையது. ஆங்கிலத் தளபதி பெய்லி பல்லக்கினுள் இருக்கின்றார். அவரைச் சுற்றிச் செஞ்சட்டைச் சிப்பாய்கள் சதுரமாக நிற்கின்றனர். அச்சில் வார்த்தாற்போல் வரிசை வரிசையாய் முகங்கள். அந்தச் சதுரத்தைத்தான் திப்புவின் படை சிதைக்கின்றது. ஒழுங்கு குலைவதைக் காட்டவேண்டுமாயின் முதலில் ஒழுங்கை வரையத் தெரிந்திருக்கவேண்டும். மற்றொரு சுவரில் அரசர்களும் பாளையக்காரர்களும் கட்டம் கட்டமாகப் பகுக்கப்பட்ட வரிசைகளில் கொலுவீற்றிருக்கின்றனர்.

திப்பு தம்மைக் குறிக்கக் கையாண்ட அடையாளம் யாது? புலியின் வரிக்கோடு. படைவீரர் உடையிலும் படைக்கலங்களிலும் அந்த வரியே ஓடிற்று. இறைவனின் வெற்றிமிகு சிங்கம் எனப் பொருள்படும் 'அஸதுல்லாஹில் ஙாலிப்' என்னும் அறபுச் சொற்றொடரை வளைத்து, அதனையே ஒரு புலிமுகமாக எழுதிக் கொடிகளில் பொறித்தனர். எழுத்து முகமாயிற்று, வரிக்கோடு அரசராயிற்று. தம் முகத்தை ஊரெங்கும் ஒட்டாமலே தம்மை ஊரறியச் செய்த அந்த மன்னரின் குடிமக்களாக நம் பாட்டன்மார் இருந்தனர்.

இதுகாறும் பிறரோடு வழக்காடினோம். இனி நம்மோடு நாம் வழக்காடுவோம். கசப்பாயினும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"உருவம் ஹராம், அதனால் கோடு" என்று பெருமையோடு கூறுகின்றோமே, அந்தக் கோட்டையேனும் நாம் பேணினோமா? லக்னோவின் பிரங்கி மஹலில் வாழ்ந்து 1748-இல் மறைந்த முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் பெயரால் வழங்கும் பாடத்திட்டத்தில், நஸீருத்தீன் தூஸீ திருத்திய உக்லீதிஸின் வடிவக் கணிதம் இடம்பெற்றிருந்தது. ஃபிக்ஹும் ஹதீஸும் ஓதிய மாணவன் முக்கோணத்தின் தேற்றத்தையும் ஓதினான். இன்று மதரஸாக்கள் பலவற்றில் அப்பாடம் இல்லை. "மௌலவிக்கு முக்கோணம் எதற்கு?" என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டோம். கிப்லாவின் திசையும், தொழுகை வேளையின் நிழலளவும், பாகப்பிரிவினையின் பின்னங்களும் கணக்கில்தானே நிற்கின்றன? அவற்றையும் கைப்பேசியிடம் ஒப்படைத்துவிட்டு, கணக்கு நமக்கு அயலானது என்கின்றோம்.

புதிதாகக் கட்டப்படும் பள்ளிவாசல்களைப் பாருங்கள். நட்சத்திரக் கோலம் அச்சிட்ட ஓடுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றன. கொத்தனார் ஒட்டுகின்றார். மூலையில் நட்சத்திரம் பாதியில் அறுந்து நிற்கின்றது. மிஹ்ராபின் ஓரத்தில் கோலம் தலைகீழாகத் திரும்பியிருக்கின்றது. நிர்வாகிகளுக்கும் தெரிவதில்லை, தொழுவோருக்கும் தெரிவதில்லை, ஓதிக்கொடுக்கும் நமக்கும் தெரிவதில்லை. அபுல் வஃபா இருசாராரைக் கடிந்தார். அவர் காலத்துக் கணிதருக்கு அறிவேனும் இருந்தது. கைவினைஞருக்குக் கையேனும் இருந்தது. நமக்கு இரண்டும் இல்லை. இருப்பது விலைச்சீட்டு ஒன்றே.

இன்னொன்றும் உண்டு. சொல்ல நாணுகின்றோம். உருவம் கூடாதென்று மிம்பரில் முழங்கும் அதே ஊரில், திருமணம் என்றாலும் கட்சி விழா என்றாலும் நம்மவர் முகங்கள் நாற்பதடிப் பதாகைகளில் தொங்குகின்றன. யார் முகம் பெரிது, யார் முகம் சிறிது என்பதில் சண்டையும் மூள்கின்றது! ஜஹாங்கீரை மணற்கடிகையின் மேல் அமர்த்தி, "அரசே, உமது நேரம் ஒழுகுகின்றது" என்று உணர்த்தினார் பிசித்ர். நம் பதாகைகளில் அந்த எச்சரிக்கையை யார் எழுதுவார்? உருவத் தடையையும் பேணவில்லை. உருவக் கலையையும் கற்கவில்லை. ஆனால் வரையும் கையுள்ள ஒரு சிறுமி நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் கிளியொன்றை எழுதிவிட்டால் அவள் பென்சிலைப் பிடுங்கி எறிகின்றோம். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அந்த ஓவியரின் தொழிலைப் பிடுங்கவில்லை. அவருக்கு மரங்களைக் காட்டினார்கள். வழி காட்டுவதற்கும் வாயிலை அடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் எப்போது உணரப்போகின்றோம்?

ஆதலின் சமுதாயப் பெருமக்களுக்கு மூன்று வேண்டுகோள்கள் விடுக்கின்றோம். மக்தப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரமேனும் கவராயமும் அளவுகோலும் கொடுத்து வடிவங்களை வரையக் கற்பியுங்கள். செலவு ஒரு வேளைத் தேநீர்ச் செலவுதான். சுற்றுலா என்று பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சுவர்களின் முன் அரை மணி நேரம் நிறுத்தி, அந்தச் சதுரத்தையும் வரிசையையும் காட்டுங்கள். பள்ளிவாசலுக்கு ஓடு வாங்குமுன், அந்தக் கோலம் எவ்வாறு பிறக்கின்றது என்று அறிந்த ஒருவரிடம் கேளுங்கள். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இல்லையெனில், ஒருவரை உருவாக்குங்கள்.

அடுத்த ஜும்ஆவில் அந்த மாணவனைத் தேடிப்பிடித்தோம். நீண்ட சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. ஒரு தாளும் கவராயமும் கொடுத்து, ஒரு வட்டம் வரையச் சொன்னோம். கவராயத்தின் அகலத்தை மாற்றாமல் வட்டத்தின் விளிம்பிலேயே காலெடுத்து வைத்துச் சுற்றிவரச் சொன்னோம். ஆறாவது அடியில் முனை தொடங்கிய புள்ளியிலேயே வந்து நின்றது. பையன் மீண்டும் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். மயிரிழையும் பிசகவில்லை.

"ஹஜ்ரத், இது ஏன் சரியாக ஆறு?" என்று கேட்டான்.

சென்ற வாரம் கேட்ட கேள்வியை அவன் மறந்துவிட்டான் என்று கண்டுகொண்டோம். அந்த முதியவரும் அருகில் வந்து தாளை எட்டிப் பார்த்தார். மூவருமாக அஸருக்கு பாங்கு சொல்லும்வரை பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். இத்தகைய கேள்விகளை நம் பிள்ளைகளின் நாவிலும், அவற்றுக்கு விடை தேடும் உழைப்பை நம் கைகளிலும் வல்ல இறைவன் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.